ஊர்சுற்றி: யாருக்குப் பட்டம், யாருக்குக் கேஸ்?

காலையில் பேப்பரைப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் ஒன்றின் அடியில் நாலு வரிச் செய்தி இருக்கும். பேருந்து நிலையம் அருகே சந்தேகத்திற்கிடமான முறையில் சுற்றித் திரிந்தவரைப் போலீசார் பிடித்து விசாரித்தனர், முன்னுக்குப்பின் முரணாகப் பதிலளித்தார், சிறையில் அடைக்கப்பட்டார். பெயர் இருக்கும், அப்பன் பெயர் இருக்கும், தெருப் பெயர் இருக்கும். அது எந்தப் பக்கத்துத் தெரு என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே பேப்பரோடு ஞாயிற்றுக்கிழமை வருகிற வழவழத் தாள் இணைப்பில் இன்னொருவர் நிற்கிறார். தாடி, மூணு நாள் மாற்றாத சட்டை, முதுகில் மூட்டை. (மூட்டை என்று சொல்லக் கூடாதாம், 'பேக்பேக்'.) வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகச் சுற்றித் திரிகிறாராம். இவரை யாரும் பிடித்து விசாரிக்கவில்லை. பேட்டி எடுக்கிறார்கள். இவரும் முன்னுக்குப்பின் முரணாகத்தான் பேசுகிறார். அதற்குத் 'தேடல்' என்று பெயர் வைக்கிறார்கள்.

சுற்று, திரி. ஒரே வினைச்சொல்தான். ஒருவனுக்கு அது பட்டம், இன்னொருவனுக்கு அது கேஸ். இரண்டு பேருக்கும் இருப்பது அதே இரண்டு கால்தான். வித்தியாசத்தைத் தீர்மானிப்பது சாதி. இதைச் சொன்னால் எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள் என்பார்கள். எல்லாவற்றிலும் அதைக் கொண்டுபோய் வைத்தவன் எவன் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

இன்றைக்கு ஊர்சுற்றி, நாடோடி, தேசாந்திரி ஆகிய மூன்று சொற்களுக்கும் நல்ல சந்தை. யூடியூப் சேனலுக்குப் பெயர், பனியனில் அச்சடிக்கும் வாசகம், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கோவாவிலும் மணாலியிலும் சம்பாதிக்கிறவர்களுக்கு 'டிஜிட்டல் நாடோடி' என்று ஒரு கௌரவம். அடுத்தவன் ஊர் சுற்றினால் நமக்கென்ன வயிற்றெரிச்சல், சுற்றட்டுமே என்கிற தோழர்கள் உண்டு. சுற்றட்டும். லடாக்குக்குப் போகட்டும், நிலாவுக்கும் போகட்டும். நம் சண்டை அவர்களுடைய வண்டியோடு இல்லை, அவர்கள் தூக்கிக்கொண்டு போகிற சொல்லோடு. அந்தச் சொல்லின் முதுகில் தழும்பு இருக்கிறது. அதைச் சட்டை போட்டு மூடி, செண்டு அடித்து விற்கிறார்கள்.

முதலில் 'ஊர்சுற்றி'யை எடுத்துக்கொள்வோம். ஊர் என்றால் என்ன? தமிழில் அது கிராமம் முழுவதையும் குறிக்கிற சொல் என்று பாடப்புத்தகம் சொல்லும். எந்தக் கிராமத்தில் அப்படி இருக்கிறது? 'ஊருக்குள்ள போயிட்டு வாரேன்' என்று சேரியில் ஒருவர் சொன்னால், அவர் இவ்வளவு நேரம் ஊருக்கு வெளியே இருந்தார் என்று அர்த்தம். பிறந்தது அங்கே, பிள்ளை பெற்றது அங்கே, தாத்தனைப் புதைத்தது அங்கே. ஆனால் அது ஊர் இல்லை! ஊர்நத்தம் வேறு, சேரிநத்தம் வேறு என்று வருவாய்த்துறைப் பதிவேடே பிரித்துத்தான் எழுதி வைத்தது. ஊர்க்கூட்டம் என்றால் நாம் இல்லாத கூட்டம். ஊர்ப்பொதுக் கிணறு என்றால் நமக்குப் பொது இல்லாத கிணறு. ஊர்க்கட்டுப்பாடு மட்டும்தான் நம்மையும் சேர்த்துக்கொண்ட ஊர். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. சொல்லை எடுக்கலாம், ஊருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற அந்த வாய்க்காலை எடுப்பது யார்?

ஆக, ஊருக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவனுக்கு 'ஊர் சுற்றுவது' என்பது என்ன பொருள் தரும்? அவனால் சொந்த ஊரையே ஒரு சுற்று சுற்றிவர முடியாது. சாமி சுற்றும். தேரோடும் வீதி நாலும் சுற்றி நிலைக்கு வந்து நிற்கும். அதற்குப் பெயரே ஊர்வலம், ஊரை வலம் வருதல். சாமியும் வாய்க்காலைத் தாண்டாது. உயிரோடு இருப்பவனை விடுங்கள், பிணமாவது ஊரைத் தாண்டிப் போகுமா? 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் வழுவூரில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்ல உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே போலீஸ் உடலை வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பட்டா நிலத்து வழியாகப் போக விடாததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தைக் கீழே இறக்கினார்கள். நாடு முழுக்க வீடியோவில் பார்த்தது. செத்தவன் கடைசியாகச் செய்த பயணம் அது. யாராவது பயணக் கட்டுரை எழுதினார்களா?

அடுத்து 'பரதேசி'. வேறு தேசத்தான், ஊர் ஊராகப் போகிறவன் என்பதுதான் சொல்லின் நேர்ப்பொருள். தெருவில் அது வசவு. 'போடா பரதேசிப் பயலே' என்றால் வீடு வாசல் இல்லாதவன், நாதியற்றவன், பிச்சைக்காரன். இதே சொல் அக்கிரகாரத்தில் என்னவாக இருக்கிறது தெரியுமா? கல்யாணத்தில் மாப்பிள்ளை காசியாத்திரை போகிறார் அல்லவா, அந்தச் சடங்குக்குப் 'பரதேசிக் கோலம்' என்று பெயர். பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மையிட்டு, கையில் குடையும் விசிறியும் புத்தகமும், காலில் செருப்பும் போட்டுக்கொண்டு நாலடி நடப்பார். உடனே பெண்ணின் அப்பா ஓடிவந்து, வேண்டாம் மாப்பிள்ளை, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று அழைத்துப் போவார். நாதஸ்வரம் வாசிப்பார்கள். நாலடி நடந்த பரதேசிக்கு ஒரு பெண், பந்தி, பட்டு வேட்டி. நானூறு மைல் நடந்த பரதேசிக்கு எச்சில் இலை.

அந்தக் குடையையும் செருப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்துக் கள்ளர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதைப் பட்டியலாகவே எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று போகிற அந்தப் பட்டியலின் எட்டாவது தடை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு அணியக் கூடாது. குடையும் செருப்பும் வழிநடைக்கான பொருட்கள். வழி நடக்கிறவனுடைய தலையையும் காலையும் குறிவைத்து அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் குடையும் செருப்பும் கல்யாணச் சடங்கு, இன்னொரு பக்கம் அதே குடைக்கும் செருப்புக்கும் கட்டி வைத்து உதை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காத எந்த ஆய்வும் 'பயணப் பண்பாடு' பற்றிப் பேசத் தகுதியற்றது.

ஊர்சுற்றுவதைத் தத்துவமாகவே எழுதியவர் ராகுல சாங்கிருத்தியாயன். 1948ல் இந்தியில் அவர் எழுதிய 'குமக்கட் சாஸ்திரம்' தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்று வந்து நம்மில் பலர் மாணவர் காலத்தில் கையில் வைத்துக்கொண்டு திரிந்ததுதான். ராகுல்ஜியை நாம் சும்மா தள்ளிவிட முடியாது. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, பிக்குவாகி, கம்யூனிஸ்டாகி, விவசாயிகளோடு நின்று சிறைக்குப் போனவர். திபெத்திலிருந்து பௌத்தச் சுவடிகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வந்தவர். அந்தப் புத்தகத்தில் பெண்களுக்கும் நாடோடிச் சாதிகளுக்கும் தனித்தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அவர் காலத்தில் வேறு யார் செய்தார்கள்? ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கட்டுகளை அறுத்துவிட்டுக் கிளம்பு, ஏதாவது ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள், உலகம் உன்னுடையது என்கிறார். கிளம்புவதற்கு மனசு போதும் என்பது அந்தப் புத்தகத்தின் நம்பிக்கை. நமக்கு மனசு இல்லையா என்ன? கைத்தொழிலை எடுத்துக்கொண்டு கிளம்புவது அவருக்குச் சுதந்திரம். தொழிலே சாதியாக நெற்றியில் அடிக்கப்பட்டவன் கிளம்பினால் தொழிலும் கூடவே வருகிறது, போகிற ஊரிலும் அதைத்தான் செய் என்கிறது.

ராகுல்ஜி 1893ல் பிறந்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1891ல் பிறந்த இன்னொரு பெரிய ஊர்சுற்றி உண்டு. நியூயார்க், லண்டன், பான் என்று சுற்றியவர். பாபாசாகேப் அம்பேத்கர் பயண நூல் எழுதியிருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. எழுதியிருக்கிறார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற அந்தச் சிறு கையெழுத்துப் பிரதி 1990ல்தான் தனிப் புத்தகமாக வந்தது. அது முழுக்கப் பயணம்தான். ரயில், மாட்டு வண்டி, சத்திரம், டோங்கா, கோட்டை, குளம். பயண நூலில் இருக்க வேண்டிய எல்லாம் இருக்கிறது, பரவசம் மட்டும் இல்லை.

1901ல் சிறுவன் அம்பேத்கர், அண்ணன், அக்காள் மகன் எல்லோரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்க்க சதாராவிலிருந்து ரயிலேறுகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப் போக ஆள் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்துப் பரிவாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறிப்போகிறார். வாடகைக்கு வண்டிகள் நிற்கின்றன, ஒருவனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டை வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் நடந்து வருவான். ராத்திரி முழுக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சுங்கச்சாவடியில் முஸ்லிம் பிள்ளைகள் என்று பொய் சொல்லியும் கிடைக்கவில்லை. கூடை நிறையச் சாப்பாடு இருந்தும் தண்ணீர் இல்லாமல் பசியோடு படுத்தார்கள். ஒரு குழந்தையின் முதல் நெடும்பயணம் இது.

1929ஐப் பாருங்கள். அந்த வருடம்தான் ராகுல்ஜி வேடம் மாற்றி, அனுமதிச் சீட்டு இல்லாமல் நேபாள வழியாகத் திபெத்துக்குள் நுழைகிறார். சாகசம், ஒப்புக்கொள்கிறோம். அதே 1929ல் பாரிஸ்டர் அம்பேத்கர், பம்பாய் அரசாங்கம் போட்ட விசாரணைக் குழுவின் உறுப்பினராக, சாலிஸ்கானில் இறங்குகிறார். ஸ்டேஷனிலிருந்து மகார் குடியிருப்புக்குப் போக ஒரு டோங்காக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் தருகிறேன், நான் ஓட்ட மாட்டேன் என்கிறான். ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, பாலத்தில் சக்கரம் சிக்கி, பாபாசாகேப் கல் தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. ஒருவர் வேடம் போட்டுக்கொண்டு இமயத்தைத் தாண்டினார். இன்னொருவர் வேடமே இல்லாமல் ஒரு ரயில்நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. வேடம் போட்டபோதும் அவருக்கு என்ன ஆயிற்று? வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கம்பும் கையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து மாலைக்குள் காலி செய் என்றார்கள். வேடம் மாற்றும் வசதியும் சாதிக்குத் தகுந்தபடிதான் பலிக்கிறது. 1934ல் முப்பது பேராக வேரூள் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். இப்போது நாம் சொல்கிற சுற்றுலாவேதான். வழியில் தௌலதாபாத் கோட்டை வாசல் குளத்தில் முகம் கழுவினார்கள், குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிட்டது. பிறகு கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய சிப்பாயைக் கூடவே அனுப்பினார்கள். நல்ல வழிகாட்டி!

'விசா' என்று அவர் தலைப்பு வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சொந்த நாட்டுக்குள் போய்வர விசா கேட்டு நிற்கிற கூட்டம் நாம் என்று அந்த ஒரு சொல் சொல்கிறது. கல்லூரிகளில் பயண இலக்கியம் என்று தாள் வைக்கிறார்கள். அதில் இந்தப் புத்தகம் ஏன் இல்லை என்று மாணவத் தோழர்கள் துறைத்தலைவரைக் கேட்டுப் பாருங்கள். 'அது தலித் இலக்கியத்தில் வரும்' என்று பதில் வரும். சேரி நத்தம்!

இப்போது 'நாடோடி'. இந்தச் சொல்லைச் சட்டமே கையில் எடுத்த கதை நீளமானது, நம் படிப்புக் கூட்டங்களில் போதுமான அளவு பேசப்படாதது. சங்க காலத்தில் உப்பு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் உமணர். தமிழாசிரியர்கள் உருகி உருகிப் பாடம் நடத்துவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கழுதை முதுகில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் உப்புக் குறவர். கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவில் இருந்த பாலமே இவர்கள்தான். உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம் ஆயிற்று, ரயில் வந்தது, கழுதை நின்றது. பிழைப்பைப் பிடுங்கினவன் உடனே அடுத்த காரியமாக, பிழைப்பில்லாமல் திரிகிறவன் திருடன் என்று சட்டம் எழுதினான். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871ல் வடக்கே வந்தது. 1911ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். தனிமனிதன் செய்த குற்றத்துக்கு இல்லை, பிறந்த கூட்டத்துக்குத் தண்டனை. மனுவை வெள்ளைக்காரன் இங்கிலீஷில் மொழிபெயர்த்துக்கொண்டான் என்று சொன்னால் தப்பில்லை.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி எது? நகர்வதுதான் குற்றம். ரேகை வை, ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்து படு, ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்கு. சம்பந்தி வீட்டுக்குப் போகவும் சீட்டு, சந்தைக்குப் போகவும் சீட்டு. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களை இதில் அடைத்தபோது பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3ல் சுட்டுக் கொன்றார்கள். நடமாட விடாமல் அடைபட்டார்கள் கள்ளர்கள்; பத்தே வருடத்தில் பக்கத்து ராமநாதபுரத்தில் கள்ளர்கள் நம்முடைய செருப்பையும் குடையையும் தடுத்ததை மேலே பார்த்தோம். அடிபட்டவன் அடுத்தவனை அடிக்க மாட்டான் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. பெருங்காமநல்லூருக்கு நாம் அஞ்சலி செலுத்துவோம். ராமநாதபுரத்துக்குக் கணக்கும் கேட்போம். இரண்டும் வேண்டும்.

சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31லும் நீக்கினார்கள். நீக்கின கையோடு வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு பெயரில் கொண்டுவந்தார்கள். சென்னையில் அது 1948லேயே வந்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகளைப் பற்றி நான் என்ன சொல்ல? 'சந்தேகக் கேஸ்' என்றால் குறவர் குடியிருப்பில், இருளர் குடியிருப்பில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டேஷனில் தீராத திருட்டு வழக்கு இருந்தால் தீர்த்து வைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் ரோட்டில் 'சுற்றித் திரிந்துகொண்டு' இருப்பார். இப்போது பெயர் மாறி, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவாம். பிரிவு எண் 128, 129 ஆகிவிட்டது. லாக்கப் அதே லாக்கப்.

2024 அக்டோபர் 3ல் உச்சநீதிமன்றம் சிறைகளில் இருந்த சாதி விதிகளைத் தூக்கி எறிந்தது. வழக்குப் போட்டவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். அந்தத் தீர்ப்பைத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கூட்டிப் பெருக்குகிற வேலை எந்தச் சாதிக்கைதிக்கு, சமையல் எந்தச் சாதிக்கு என்று விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நம் பாளையங்கோட்டைச் சிறையின் கதையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. அதில் மேற்கு வங்க விதி ஒன்று: இரவுக் காவல் வேலைக்கு, தப்பி ஓடும் சுபாவம் இயல்பிலேயே உடைய நாடோடிக் கூட்டத்தாரைப் போடக் கூடாது! சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருடம் ஆன நாட்டின் சிறையில் 'நாடோடி' என்ற சொல்லுக்கு இருந்த சட்டப்பூர்வமான அர்த்தம் இது, ரத்தத்திலேயே ஓட்டம் உள்ளவன். பனியனில் 'நாடோடி' என்று அச்சடித்துக்கொள்கிற தம்பிகள் அந்தச் சொல்லோடு இந்த விதியையும் சேர்த்து அச்சடிப்பார்களா?

நிஜ நாடோடிகளை என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். 2021 டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தை அரசுப் பேருந்திலிருந்து மூட்டையோடு இறக்கிவிட்டார்கள். குழந்தை அழுத வீடியோ வெளியே வந்தபிறகு ஓட்டுநர் நடத்துநர் மேல் நடவடிக்கை. அதே வருடம் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். 2023 மார்ச்சில் சென்னைத் தியேட்டர் ஒன்றின் வாசலில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற குடும்பத்தைத் தடுத்தார்கள். நாடோடி என்று பெயர்; பஸ்ஸில் ஏற முடியாது, பந்தியில் உட்கார முடியாது, தியேட்டருக்குள் போக முடியாது. இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க லோகூர் குழு 1965ல் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஒரு பரிந்துரை ஐம்பத்தேழு வருடம் நாடோடியாகத் திரிந்திருக்கிறது. புல்லட்டில் லடாக் போவது ஒரு வீரம் என்கிறார்களே, 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். அவர் லடாக் போகவில்லை, காலேஜ் விட்டு வீட்டுக்குப் போனார்.

கடல் தாண்டியும் இதே கதைதான். கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணி பின்னால் போனவர்களில் பெரும் பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். ராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களை வழியிலேயே போட்டுவிட்டு மீதிப்பேர் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். ஆளின் பேரில் எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. அங்கே துண்டு, இங்கே ராதாரி. 1921ல்தான் துண்டுமுறை ஒழிந்தது. 1948ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்து அத்தனை பேரையும் நாடற்றவர் ஆக்கியது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம், இலங்கைக்கு மூன்று லட்சம், மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்கள், ஆட்டு மந்தை போல. தேயிலையைச் சுமந்தவனுக்கு அங்கே கிடைத்த பெயர் 'கள்ளத்தோணி'. பயணத்தைக் குறிக்கிற சொல் எப்படியெல்லாம் வசவாகும் என்பதற்கு இதைவிட உதாரணம் எதற்கு?

இதையெல்லாம் விட அருகில் ஒன்று இருக்கிறது. இழவு சொல்லப் போகிறவர். தெற்கே கேதம் சொல்றது என்பார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் சுற்றியுள்ள இருபது முப்பது ஊர்களில் இருக்கிற உறவுமுறைக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியது சேரி ஆள். மழையானாலும், நட்ட நடு ராத்திரியானாலும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலானாலும் போயே ஆக வேண்டும். போன ஊரில் வாசலுக்கு எட்டி நின்று சத்தம் கொடுக்க வேண்டும். தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்க வேண்டும். இந்த நாட்டின் குறுக்குப் பாதையெல்லாம், எந்தக் கம்மாய்க்கரையில் பாம்பு இருக்கும், எந்த ஓடை எப்போது வடியும் என்பதெல்லாம் தெரிந்த மனிதன் அவன்தான். அவனைவிட ஊர்சுற்றி யார்? அவனுக்கு யாரும் அந்தப் பெயரைத் தரவில்லை. அவன் வந்தாலே எவனோ செத்தான் என்று முகம் சுளித்தார்கள். செல்போன் வந்து அந்த ஓட்டத்தை நிறுத்தியது, பகுத்தறிவு நிறுத்தவில்லை. தண்டோராவையும் 2022ல்தான் அரசாங்கம் வேண்டாம் என்றது.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம், தோழர்களே. 'ஊர் சுத்துறான்' என்று பையனைச் சொன்னால் அதில் பாதி செல்லம். 'ஊர் சுத்துறா' என்று பெண்ணைச் சொன்னால்? இன்னும் ஒரு படி போய் 'ஊர் மேயுறா' என்பார்கள். மாடு மேய்வது போல. ராத்திரிக் கூட்டம் முடிந்து தனியாகப் பஸ் ஏறுகிற பெண் தோழரைப் பற்றி நம் அமைப்பு ஆட்களே இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மேடையில் பெண் விடுதலை, டீக்கடையில் ஊர்மேய்தல். சாதி இந்து நம் காலுக்குப் போட்ட விலங்கை நாம் உருக்கி நம் பெண்களுக்குக் கொலுசு செய்து போடுகிறோம். அதே மாதிரி எதிராளியைத் திட்டும்போது 'பரதேசி', 'நாடோடிக் கூட்டம்', 'குறவன் மாதிரி' என்பதெல்லாம் நம் பேச்சாளர்கள் வாயில் சரளமாக வருகிறது. கைதட்டலும் விழுகிறது. அந்தக் கைதட்டல் பக்கத்துக் குடியிருப்பில் எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் நினைப்பதில்லை.

இந்தச் சொற்களை நாமே எடுத்துக்கொண்டால் என்ன என்கிறார்கள் சில தோழர்கள். பறையை எடுத்தோம், 'தலித்' என்ற பெயரை எடுத்தோம், நாடோடியையும் ஊர்சுற்றியையும் எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம். யோசிக்க வேண்டிய வாதம்தான், நான் இப்போதைக்கு உடன்படவில்லை. பறையை அடிக்கிற கை நம்முடையதாக இருந்தது, அதனால் எடுக்க முடிந்தது. நாடோடி என்ற சொல்லை இன்று யார் சுமக்கிறார்கள்? பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட அந்தக் குடும்பம். அவர்கள் எடுத்து எறிவார்களா, வைத்துக்கொள்வார்களா என்று அவர்கள் சொல்லட்டும். கல்லூரி விடுதியில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்காக நாம் முடிவு செய்தால், பனியன் அச்சடிக்கிறவனுக்கும் நமக்கும் வித்தியாசம் கிடையாது. நாம் செய்ய வேண்டியது வேறு. சந்தேகக் கேஸ் போடுகிற ஸ்டேஷன் வாசலில் அந்தக் குடும்பத்தோடு போய் நிற்பது. அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு இந்தியா முழுக்கத் தடையின்றி நடமாடும் உரிமையைக் குடிமக்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. அதை எழுதிய குழுவுக்குத் தலைவர் மசூர் ஸ்டேஷனில் வண்டி கிடைக்காமல் நின்ற அந்தப் பையன்தான். அந்த வரியை ஸ்டேஷன் சுவரில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

சொல்லில் என்ன இருக்கிறது, நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, வன்கொடுமை வழக்கு இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு: எஃப்.ஐ.ஆர். எதில் எழுதப்படுகிறது? சொல்லில்தான். 'சுற்றித் திரிந்த' என்ற இரண்டு சொல்லில்தான் ஒரு மனிதனின் ஆறு மாதம் போகிறது.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டன் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினார்கள், எந்த ஆண்டு வரை, எங்கே சைக்கிளை விட்டு இறங்கினார்கள், இழவு சொல்லப் போனால் என்ன கூலி, எந்த ஊரில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த ஊரில் கொடுக்கவில்லை. அவர்கள் பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, ஊர்ப் பெயரும் வட்டமும் குறிப்பிட்டு அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வருகிற இதழ்களில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.